வாதியா? அடியானா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. சில பெயர்களைப் பற்றியதேயாகும். அதாவது, ஒரு காரியம் நியாயமென்று தன் புத்திக்குப் பட்டு, அதற்காக நாலு பேர் முன்னிலையில் வாய் திறந்து பேசுகிற மனிதனுக்கு உலகம் என்னென்ன பெயர் கொடுக்கிறது, அந்தப் பெயர்களை வைத்தவர்கள் யார், என்ன உத்தேசத்தோடு வைத்தார்கள், அவற்றில் நாம் ஏற்கத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கிறோம்.

"பெயரில் என்ன ஐயா இருக்கிறது? காரியமல்லவா முக்கியம்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரில் ஒன்றுமில்லையானால், நம் எதிரிகள் நமக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமென்ன? ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தெருக்காரர்கள் பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நல்ல பாதை இல்லாமல், மழைக்காலத்தில் வயல் சேற்றில் முழங்கால் புதையச் சுமந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் நாலெழுத்துப் படித்த ஒரு வாலிபன் கலெக்டருக்கு ஒரு மனு எழுதிப் போடுகிறான். மறுநாள் காலையில் டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும்? "மனுவில் எழுதியிருப்பது மெய்யா, பொய்யா? பாதை இருக்கிறதா, இல்லையா?" என்றா பேசுவார்கள்? ஒருக்காலும் பேசமாட்டார்கள். "இவனைத் தூண்டிவிட்டவன் எவன்? இவன் எந்தக் கட்சிக்காரன்? எவ்வளவு வாங்கினான்? பெரிய கிளர்ச்சிக்காரன் ஆகிவிட்டானோ?" என்றுதான் பேசுவார்கள்.

பார்த்தீர்களா இந்த வித்தையை! நேற்று வரையில் கேள்வி பாதையைப் பற்றியதாக இருந்தது. ஒரு பெயர் வைத்தவுடன் கேள்வி பையனைப் பற்றியதாக மாறிவிட்டது. பாதை போன இடம் தெரியவில்லை. பையனுடைய தாயார், "உனக்கேனடா இந்த ஊர்வம்பு?" என்று அழுகிறாள். பையனும் நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுகிறான். சேறு மாத்திரம் அப்படியே இருக்கிறது. ஆகவே, பெயர் வைப்பதென்பது பதில் சொல்ல முடியாதவன் கண்டுபிடித்த குறுக்கு வழி என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வித்தையல்ல. நாகரிகத்தில் தலைசிறந்ததென்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்த இங்கிலாந்தில் நடந்த கதையைக் கேளுங்கள். 1905-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மாஞ்செஸ்டர் நகரத்தில் லிபரல் கட்சியார் ஒரு பெரிய கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்ட், ஆனி கென்னி என்ற இரண்டு பெண்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இவர்களில் ஆனி கென்னி என்பவர் பத்து வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். "உங்கள் கட்சி அதிகாரத்துக்கு வந்தால் பெண்களுக்கு ஓட்டுக் கொடுப்பீர்களா?" என்பதுதான் கேள்வி. மேடையில் இருந்தவர்கள் "கொடுப்போம்" என்றாவது, "கொடுக்கமாட்டோம்" என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னார்களா? இல்லை. பெண்கள் இருவரையும் பிடித்து வெளியே தள்ளினார்கள். வெளியே போலீஸார் பிடித்தார்கள். அபராதம் கட்ட மாட்டோமென்று சொல்லி இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

பதில் சொல்ல முடியாமற்போனால் அடுத்தபடி என்ன? பெயர் வைக்க வேண்டியதுதானே! மறு வருஷம், 1906-ல், லண்டனில் வெளிவரும் "டெய்லி மெயில்" என்ற பத்திரிகை இந்தக் கூட்டத்துப் பெண்களுக்கு "சஃப்ரஜெட்" என்று ஒரு பட்டப்பெயர் சூட்டிற்று. அந்தப் பாஷையில் ஓட்டுரிமைக்கு "சஃப்ரேஜ்" என்று பெயர். ஓட்டுரிமை வேண்டுமென்று வாதாடுகிற ஆணுக்கும் பெண்ணுக்கும் அதற்கு முன்பே "சஃப்ரஜிஸ்ட்" என்ற மரியாதையான பெயர் இருந்தது. அதன் வாலை நறுக்கிவிட்டு "எட்" என்ற வாலை ஒட்டினார்கள். அந்த வாலுக்கு அர்த்தமென்ன? சிகார் என்றால் சுருட்டு. சிகரெட் என்றால் சின்னஞ்சிறு சுருட்டு. ஆக, "ஓட்டுக் கேட்க வந்த சில்லறைப் பொம்மைகள்" என்று பரிகாசம் செய்வதே அந்தப் பத்திரிகைக்காரரின் உத்தேசம்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? "ஐயோ, எங்களை அப்படிச் சொல்லாதீர்கள்" என்று அழுதார்களா? இல்லை. பெயரைப் பிடுங்கித் தங்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள். 1912-ம் வருஷத்தில் அதே பெயரையே தலைப்பாக வைத்து ஒரு வாரப்பத்திரிகையும் நடத்தினார்கள். 1918-ல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியாருக்கு ஓட்டுக் கிடைத்தது. 1928-ல் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஆண்களோடு சமமாகக் கிடைத்தது. இந்தச் சந்தர்ப்பத்தில் நாம் ஒன்று சொல்லிக்கொள்ளலாம். நம் சென்னை மாகாணத்தில் 1921-லேயே, ஆண்களுக்கு என்ன சொத்து நிபந்தனையோ அதே நிபந்தனையின் பேரில் பெண்களுக்கும் ஓட்டுண்டு என்று சட்டசபை தீர்மானித்துவிட்டது. சொத்து நிபந்தனையால் வெகு சில பெண்களுக்கே அது பயன்பட்டதென்பதும் உண்மையே. நிற்க, அந்தப் பட்டப்பெயர் இன்று என்னவாயிற்று? பரிகாசமாகச் சொன்ன சொல் சரித்திரப் புஸ்தகத்தில் மரியாதைப் பெயராகிவிட்டது. சொன்னவர் பெயரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

"கிளர்ச்சிக்காரன்" என்ற சொல்லும் இப்படிப்பட்டதுதான். இங்கிலீஷில் இதற்கு "அஜிடேட்டர்" என்று சொல்லுவார்கள். இன்றைக்கு அது, சும்மா இருக்கிறவனைத் தூண்டிவிடுகிற குழப்பக்காரன் என்ற பொருளில் வழங்குகிறது. ஆனால் 1647-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் அது சோல்ஜர்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் பெயர். அரசனை எதிர்த்துச் சண்டையிட்ட பட்டாளத்துக்குச் சம்பளம் பாக்கி நின்றது. அந்தப் பாக்கியைக் கேட்கவும், தங்கள் குறைகளைச் சொல்லவும் ரெஜிமெண்டு ஒன்றுக்கு இவ்வளவு பேர் என்று சாதாரண சோல்ஜர்கள் ஆள் அனுப்பினார்கள். அந்த ஆட்களுக்குத்தான் அந்தப் பெயர். அதே வருஷக் கடைசியில் பட்னி என்னுமிடத்தில் கூடி, சொத்தில்லாத ஏழைக்கும் ஓட்டு வேண்டுமா, வேண்டாமா என்று தளபதிகளோடு நேருக்கு நேர் வாதாடினார்கள். ஆகவே, "கிளர்ச்சிக்காரன்" என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தால், அவன் வெளியிலிருந்து வந்து தூண்டிவிட்டவனல்லன், உள்ளேயிருந்து அனுப்பப்பட்டவன். சம்பளம் கேட்டவனுடைய பெயரைச் சம்பளம் கொடுக்காதவன் வசவாக மாற்றிவிட்டான்! அவ்வளவுதான் விஷயம்.

இதுவரை சொன்னது எதிரி நமக்கு வைக்கும் பெயர்களைப் பற்றி. இதற்கு வைத்தியம் சுலபம். "என் பெயரை அப்புறம் விசாரிக்கலாம், முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்" என்றால் போதும். ஆனால் இதைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்றிருக்கிறது. அது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் பெயர்கள். எதிரி வைத்த பெயர் நம் தோலில்தான் ஒட்டும். நாமே வைத்துக்கொண்ட பெயரோ நம் மூளைக்குள் போய்க் குடியேறிவிடும்.

இதை விளக்க முனிசீப்பு கோர்ட்டுக்கு உங்களை ஒரு நிமிஷம் அழைத்துப் போகிறோம். உங்களில் அநேகர் நிலத் தகராறுக்கோ, கடன் வழக்குக்கோ அந்த வாசற்படி ஏறியவர்கள்தான். அங்கே யார் யார் இருக்கிறார்கள்? கட்சிக்காரர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், சாட்சி இருக்கிறார், வாதி இருக்கிறார், பிரதிவாதி இருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஒரு கொள்கைக்காகப் பேசுகிறவனுக்கு உலகத்தார் வைத்த பெயர்களில் பெரும்பாலானவை இந்தக் கோர்ட்டுக் கட்டடத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

முதலில் கட்சிக்காரரும் வக்கீலும். "வக்கீல்" என்பது அரபுச் சொல். ஒருவர் தம் காரியத்தை ஒப்படைத்த ஆள் என்று பொருள். "அட்வகேட்" என்பது லத்தீன் வழி வந்தது; துணைக்கு அழைக்கப்பட்டவன் என்று பொருள். இரண்டு சொல்லிலும் ஒரு உண்மை இருக்கிறது: நஷ்டம் வேறொருவருடையது, பேசுகிறவன் அவருக்காக வந்தவன். நஷ்டப்பட்டவரை நம் தமிழில் "கட்சிக்காரர்" என்கிறோம். அந்தச் சொல்லையே அரசியல் கட்சியில் சேர்ந்தவருக்கும் சொல்லுகிறோம். ஒரு கொள்கையில் யார் கட்சிக்காரர், யார் வக்கீல் என்ற கணக்கு தவறினால் என்ன நேரிடுமென்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

பிரடெரிக் டக்ளஸ் என்பவர் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838-ல் தப்பி ஓடி வந்தார். 1841-ல் அடிமை ஒழிப்புக்காரர்களின் கூட்டமொன்றில் பேசினார். அவர் பேச்சைக் கேட்டுச் சபை பிரமித்துப் போயிற்று. உடனே அந்தச் சங்கத்தார் அவரை ஊர் ஊராகப் பேச அனுப்பினார்கள். அவர்கள் நல்லவர்கள்தான்; கல்லடிக்கும் பயப்படாதவர்கள்தான். அவர்களுடைய தலைவர் காரிசன் என்பவரை 1835-ல் பாஸ்டன் நகரத்தில் ஒரு கும்பல் கயிற்றால் கட்டித் தெருவில் இழுத்தது. ஆனால் அவர்கள் டக்ளஸிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீ பட்ட கஷ்டத்தை மாத்திரம் சொல், நியாயம் பேசுவதை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்ற பாவனையில் புத்தி சொன்னார்கள். அதிகம் படித்தவரைப் போலப் பேசினால் ஜனங்கள் நம்பமாட்டார்கள், கொஞ்சம் தோட்டத்து அடிமைப் பேச்சும் கலந்திருக்கட்டும் என்றும் சொன்னார்கள். அதாவது முதுகிலுள்ள தழும்பைக் காட்ட அவர். மூளையைக் காட்ட இவர்கள்!

டக்ளஸ் இதற்கு உட்பட்டாரா? இல்லை. 1845-ல் தம் சரித்திரத்தைத் தாமே எழுதி, எஜமானனுடைய பெயரையும் வெளிப்படுத்தி அச்சிட்டார். அதனால் பிடிபடுவாரென்ற பயம் ஏற்பட்டுக் கடல் தாண்டிப் போகவேண்டியதாயிற்று. அங்கிருந்த நண்பர்கள் 1846-ல் விலை கொடுத்து அவருக்குச் சட்டப்படி விடுதலை வாங்கினார்கள். திரும்பி வந்து, வேண்டாமென்று காரிசன் தடுத்தும் கேட்காமல், 1847-ல் சொந்தமாகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். மறு வருஷம், 1848-ல், செனிகா பால்ஸ் என்னுமிடத்தில் பெண்கள் தங்கள் உரிமைக்காக மகாநாடு கூட்டினார்கள். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமென்ற தீர்மானத்துக்கு அங்கேயே பலர் தயங்கியபோது டக்ளஸ் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். தம் வழக்கில் அவர் கட்சிக்காரராகவும் தமக்குத்தாமே வக்கீலாகவும் நின்றார். பெண்கள் வழக்கில், அழைத்த இடத்தில், வக்கீலாக மாத்திரம் நின்றார். இந்த வித்தியாசத்தை நம் ஊர்ச் சீர்திருத்தக்காரர்கள் அநேகர் அறிவதேயில்லை. விதவைகளுக்காகக் கூட்டம் போடுவார்கள். மேடையில் ஒரு விதவைக்குக்கூட நாற்காலி இராது. சேரிக்காக மாலை முழுதும் பேசுவார்கள்; சேரிக்காரரை "இரண்டு வார்த்தை பேசி உட்காரப்பா" என்பார்கள். கட்சிக்காரனுடைய வாயை அடைத்துவிட்டு வழக்கு நடத்துகிற வக்கீல், வழக்கை ஜெயித்தாலும் கட்சிக்காரனைத் தோற்கடித்தவனேயாவான்.

அடுத்தது சாட்சி. கண்ணால் கண்டவன் என்பதே இச்சொல்லின் பொருள். கிரேக்க பாஷையில் சாட்சிக்கு உள்ள சொல்தான் பிறகு ஐரோப்பா முழுவதும் "மார்ட்டர்" என்று வழங்கலாயிற்று. அதாவது கொள்கைக்காக உயிர் விட்டவன். அரபியில் "ஷஹீத்" என்பதும் சாட்சி என்ற வேரிலிருந்து வந்ததே. நாம் "தியாகி" என்கிறோம். உயிர் கொடுத்தவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒருவன் உயிர் கொடுத்ததனாலேயே அவன் கொள்கை உண்மையாகிவிடுமா? இங்கிலாந்தில் மேரி ராணி காலத்தில், 1553 முதல் 1558 வரையில், புராட்டஸ்டண்டுகளை உயிரோடு கொளுத்தினார்கள். அடுத்து வந்த எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்கப் பாதிரிகளைத் தூக்கில் போட்டார்கள். இரண்டு பக்கத்திலும் தியாகிகள் உண்டு. இரண்டு பக்கத்துக் கொள்கையும் மெய்யாக இருக்க முடியுமா? ஆகவே, சாவு ஒருவனுடைய தைரியத்துக்குச் சாட்சியேயொழிய, அவன் கொள்கையின் உண்மைக்குச் சாட்சியல்ல. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பாதை வேண்டுமென்று கேட்டவனை அடித்துக் கொன்றுவிட்டால், அதனால் பாதையின் நியாயம் கூடிவிடுவதுமில்லை. அவன் உயிரோடிருந்தபோது குறைந்திருந்ததுமில்லை. செத்தபின் மாலை போடுகிறவர்கள், இருக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தால் அந்த மாலைக்கே அவசியம் நேர்ந்திராது.

இனி, எங்கள் தொழிலின் பெயருக்கு வருகிறோம். எங்களைப் "பிரசாரகர்" என்கிறார்கள். பரப்புகிறவன் என்று பொருள். இங்கிலீஷில் "பிராபகாண்டா" என்பார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று கேட்டால் சிரிப்பீர்கள். 1622-ம் வருஷத்தில் பதினைந்தாவது கிரகோரி என்ற போப்பு, மதத்தைப் பரப்புவதற்கென்று ரோமாபுரியில் ஒரு சபை ஏற்படுத்தினார். அந்தச் சபையின் லத்தீன் பெயரிலிருந்துதான் இச்சொல் உலகத்துக்கு வந்தது. மதத்தைப் பரப்பச் செய்த ஆயுதத்தை மதத்தை எதிர்க்கிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். முதல் உலக யுத்தத்தில் சர்க்கார்கள் அச்சடித்துத் தள்ளிய பொய்களுக்குப் பிறகு அச்சொல்லுக்கே கெட்ட வாசனை வந்துவிட்டது. போப்பு சபையார்கூட 1967-ல் தங்கள் சபைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அச்சொல்லின் வேர் தோட்டக்காரனுடையது. நாம் பதியம் போடுகிறோமே, அதுதான். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைக்கிறோம். வேர் விடுகிற வரையில் தாய்க்கொடியோடு இருக்கும். வேர் விட்டபின் என்ன செய்கிறோம்? வெட்டிவிடுகிறோம். வெட்டினால்தான் அது தனிச் செடி. பிரசாரகனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கேட்கிறவன் மனதில் சொந்தமாக வேர் விட வேண்டும். விட்டபின் பேசினவனை விட்டுத் தனியே நிற்க வேண்டும். பத்து வருஷம் கேட்டும், "அவர் சொன்னார், ஆகையால் சரி" என்று ஒருவன் சொல்லுவானேயானால், அங்கே பதியம் பிடிக்கவில்லை, தாய்க்கொடியின் பாரந்தான் அதிகமாயிற்று.

இப்போது நம் நாட்டில் எல்லாக் கட்சியாரும் கூசாமல் சொல்லுகிற சொல்லுக்கு வருகிறோம். "தொண்டர்"! வெளிநாட்டில் ஒரு பொது வேலைக்குச் சம்பளமில்லாமல் வருகிறவனை "வாலண்டியர்" என்றார்கள். தன் சொந்த இஷ்டத்தினால் வந்தவன் என்பது அதன் பொருள். அதை நம்மவர்கள் தமிழில் எப்படிப் பெயர்த்தார்கள்? "தொண்டன்" என்று பெயர்த்தார்கள். அகராதியைப் புரட்டிப் பாருங்கள். தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்ற பொருளும் கிடக்கிறது. இஷ்டப்பட்டு வந்தவனுடைய பெயர் நம் நாட்டுக்கு வந்ததும் அடிமையின் பெயராகிவிட்டது!

சேக்கிழார் தம் புஸ்தகத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்று பெயர் வைத்தார். பெரிய புராணம் என்று சொல்லுகிறோமே, அதுதான். அதில் வருகிறவர்களின் யோக்கியதை என்ன? "உன் பெண்சாதியைக் கொடு" என்று ஒரு சிவனடியார் வந்து கேட்டார், இயற்பகையார் கொடுத்தார். "உன் பிள்ளையை அறுத்துக் கறி சமை" என்று ஒருவர் கேட்டார். தாயும் தகப்பனும் சேர்ந்து சமைத்தார்கள். சமைத்தவருடைய பெயர் என்ன? சிறுத்தொண்டர்! அந்த அம்மையை யாராவது "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்களா? அந்தப் பிள்ளையை யாராவது கேட்டார்களா? "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் தொண்டர்களாகவே இருந்திருக்க முடியாதென்பதுதான் அந்தப் புராணத்தின் தீர்ப்பு. ஆகவே, "தொண்டன்" என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளுகிறவன், கேள்வி கேட்கும் உரிமையை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறான். "ஆதரவாளர்" என்பது கொஞ்சம் மேல் என்று நினைக்கலாம். ஆனால் பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். "இன்னாருடைய ஆதரவாளர்களுக்குள் அடிதடி" என்றுதான் இருக்குமே தவிர, இன்ன கொள்கையின் ஆதரவாளர் என்று காண்பது அபூர்வம். கொள்கையை ஆதரிக்க வந்தவன் ஆளை ஆதரிப்பவனாகி நிற்கிறான்.

இந்த வியாதி புராணம் படிக்கிற நாட்டுக்கு மாத்திரம் வருவதென்று எண்ணிவிடாதீர்கள். மேலே நாம் புகழ்ந்து சொன்ன அந்த ஓட்டுரிமைப் பெண்களின் சங்கத்திலேயே 1907-ல் என்ன நடந்தது? தலைவியான எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார், சங்கத்தின் வருஷ மகாநாட்டை ரத்து செய்து, நிர்வாகக் கமிட்டியைத் தாமே நியமித்துவிட்டார். சங்கத்தை அவர் ஒரு பட்டாளமாகவே கருதினார். பட்டாளத்தில் ஓட்டெடுப்பு உண்டா? இதைச் சகியாமல் சார்லட் டெஸ்பார்ட், தெரேசா பில்லிங்டன் கிரெய்க் முதலிய அம்மையார்கள் பிரிந்து போய்ப் பெண்கள் சுதந்திரச் சங்கம் என்று வேறொரு சங்கம் கண்டார்கள். தேசத்தில் ஓட்டு வேண்டுமென்று ஜெயிலுக்குப் போனவர்களுக்குத் தங்கள் சொந்தச் சங்கத்தில் ஓட்டில்லை! அந்தத் தலைவியின் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பின்னாளில் பட்டினி கிடந்து, ஜெயில் கதவு திறந்து திறந்து மூட, உடல் நைந்து போனவர் அவர். ஆனால் எவ்வளவு பெரியவர்களானாலும், ஆதரிப்பவரை "சிப்பாய்" என்றோ "அடியார்" என்றோ எண்ணத் தொடங்கினால் முடிவு இதுதான் என்பதற்காகவே சொன்னோம்.

அப்படியானால் எந்தப் பெயர்தான் நமக்குத் தகும் என்று கேட்பீர்கள். கோர்ட்டில் ஒருவரை இன்னும் நாம் விசாரிக்கவில்லை. அவர்தான் வாதி. வாதம் செய்கிறவன் வாதி. இச்சொல்லையும் இன்று கெடுக்கத்தான் பார்க்கிறார்கள். குண்டு எறிகிறவனுக்கும் "பயங்கரவாதி" என்றல்லவா பெயர் வைத்திருக்கிறார்கள்! குண்டு எறிகிறவன் எங்கே வாதம் செய்தான்? அது இருக்கட்டும். "வாதி" என்ற சொல்லுக்கு மாத்திரம் வேறெந்தப் பெயருக்குமில்லாத ஒரு நேர்மை உண்டு. வாதி இருக்குமிடத்தில் பிரதிவாதியும் இருந்தே தீரவேண்டும். அடியானுக்கு எதிர் அடியான் கிடையாது. தொண்டனுக்கு எதிர்த் தொண்டன் என்றால் தெருச் சண்டைதான். வாதிக்கோ, எதிரே ஒருவன் எழுந்து "நீ சொல்வது தப்பு, இதோ காரணம்" என்று சொல்ல இடம் விட்டே ஆகவேண்டும். அவனுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பதில் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. யாருடைய வழக்கு? வாதியினுடையதே!

இதில் நாம் வெட்கப்பட வேண்டிய ஒரு சங்கதியும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லுகிறார்களென்று நாம் குற்றம் சாட்டுகிற அந்த ரோமாபுரிச் சபையார், 1587-ம் வருஷத்தில் ஐந்தாவது சிக்ஸ்டஸ் போப்பின் காலத்தில் ஓர் உத்தியோகம் ஏற்படுத்தினார்கள். செத்துப்போன ஒருவரைப் புனிதர் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால், அவருக்கு விரோதமாகப் பேசுவதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். "அற்புதம் நடந்தது மெய்யா? சாட்சி நம்பத்தக்கவனா? ஆசாமி உண்மையில் நல்லவரா?" என்று குறுக்குக் கேள்வி கேட்பது அவருடைய வேலை. ஜனங்கள் அவரைச் "சாத்தானின் வக்கீல்" என்று அழைத்தார்கள். 1983-ல் இரண்டாவது ஜான்பால் போப்பு அந்த வேலையின் அதிகாரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்.  ஆனாலும், நம்பிக்கையே மூலதனமாகக் கொண்ட சபைகூட ஏறக்குறைய 400 வருஷ காலம் தன் வீட்டுக்குள் சம்பளம் கொடுத்து ஒரு பிரதிவாதியை வைத்திருந்தது. பகுத்தறிவே மூலதனமென்று சொல்லிக்கொள்ளுகிற நம் சங்கங்களில் எத்தனை சங்கத்தில் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது? எழுந்து கேள்வி கேட்கிறவனைப் பார்த்து, "இவன் எந்தக் கட்சிக்காரன்? எவ்வளவு வாங்கினான்?" என்று நாமும் கேட்டோமானால், டீக்கடைக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன?

ஆகையால் தோழர்களே! முடிவாகச் சொல்லுகிறோம். எதிரி எந்தப் பெயரையாவது வைக்கட்டும். அதற்காகக் கோபமும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம், கேள்வியை மாத்திரம் விட்டுவிடாதீர்கள். பிறருடைய கஷ்டத்துக்காகப் பேசப் போனால், கஷ்டப்பட்டவர் பக்கத்தில் நில்லுங்கள். அவருடைய முன்னால் நின்று மறைக்காதீர்கள். உயிர் விட்டவரை மதியுங்கள். ஆனால் அவர் உயிரைக் காட்டி வாதத்தை முடித்துவிடாதீர்கள். யாருக்கும், எந்தச் சங்கத்துக்கும், எந்தத் தலைவருக்கும் அடியானாக இராதீர்கள். "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே ஆதரியுங்கள். காரணம் சரியாயிருக்கிற வரையில் ஆதரியுங்கள். "நீ யார்?" என்று எவனாவது கேட்டால், "நான் வாதி, என் வழக்கு இது, பிரதிவாதி யார் இருந்தாலும் வரச்சொல்" என்று சொல்லுங்கள்.

நாம் சொன்னதும் இந்த விதிக்கு விலக்கல்ல. இவ்வளவு நேரம் நாம் வாதியாக இருந்தோம். இனி உங்கள் முறை. தப்பென்று பட்டதை எழுதிக் கொடுத்தாலும் சரி, எழுந்து நின்று கேட்டாலும் சரி. தலைவர் அவர்கள் நேரம் கொடுப்பார்கள். பதில் தெரிந்தால் சொல்லுகிறோம்.